கழுகுச் சிகரத்தில் 56 கண்ணாடிகள்

ஸ்பெயின் தேசத்துக்குப் பிரயாணம் போகிறவர்கள் சாதாரணமாக எதையெல்லாம் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்? மாட்ரிட் நகரத்துச் சித்திரசாலைகளைப் பார்க்கிறார்கள். பார்ஸிலோனாவின் பெரிய மாதாகோவிலைப் பார்க்கிறார்கள். கிரனடாவில் அல்ஹாம்ப்ரா அரண்மனையின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாம் வெளிச்சத்தில் பார்க்க வேண்டிய காட்சிகள். இந்த வாரம் நாம் போகப்போவதோ, இருட்டைப் பார்ப்பதற்கென்றே போகவேண்டிய ஓர் இடத்துக்கு! கம்பளிச் சட்டை ஒன்றை மறக்காமல் எடுத்து வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.

கிழக்குக் கடற்கரையில் வலென்ஸியா என்ற பட்டணம் இருக்கிறது. ஆரஞ்சுப் பழத்துக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து வடமேற்கே சுமார் 140 கிலோமீட்டர் மேட்டில் ஏறிக்கொண்டே போனால் ஒரு சிறு நகரம் வருகிறது. அதன் பெயர் தெருவேல். தமிழ்ப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு விடாதீர்கள். அசல் ஸ்பானியப் பெயர்தான். கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரம். குளிர் எலும்பைத் துளைக்கும். 1937 டிசம்பரிலிருந்து 1938 பிப்ரவரி வரையில், உள்நாட்டு யுத்தத்தின்போது, இந்த ஊருக்காக இரண்டு படைகள் உறைபனியில் நின்று போராடின. துப்பாக்கிக்கு இரையானவர்கள் போக, குளிருக்கு இரையானவர்களும் அநேகர்.

ஊருக்குள்ளே செங்கல் கோபுரங்கள் நிற்கின்றன. பச்சையும் வெள்ளையுமாகப் பளபளக்கும் ஓடுகளை இழைத்துப் பூவேலை செய்தாற்போல் பதித்திருக்கிறார்கள். கிறிஸ்தவ ஆலயங்களுக்கு முஸ்லிம் கைவேலைப் பாணியில் எழுப்பிய கோபுரங்கள் இவை. 1986-இல் இவற்றை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது.

ஸ்பெயினில் தெருவேல் என்றால் உடனே நினைவுக்கு வருவது ஒரு காதல் கதை. தியேகோ என்பவன் கையில் காசில்லாத வாலிபன். இசபெல் செல்வர் வீட்டுப் பெண். “ஐந்து வருஷத்துக்குள் பொருள் சேர்த்துக்கொண்டு வா, கல்யாணம் செய்து தருகிறேன்” என்று தவணை கொடுத்தாராம் அவள் தகப்பனார். தியேகோ பொருளோடுதான் திரும்பி வந்தான். ஆனால் தவணை முடிந்துவிட்டது. இசபெலுக்கு வேறொருவனோடு விவாகமும் நடந்துவிட்டது. அவன் துக்கத்தில் உயிர் விட்டான். சவ அடக்கத்துக்கு வந்த அவளும் அவன் மேல் சாய்ந்து உயிர் விட்டாள். இருவர் சமாதியின் மேலும் ஹுவான் தே ஆவலோஸ் என்ற சிற்பி செய்த உருவங்கள் படுத்திருக்கின்றன. ஒருவர் கை மற்றவர் கையை நோக்கி நீண்டிருக்கிறது, ஆனால் தொடவில்லை.

காலம் கடந்து வந்து சேர்ந்த காதலனின் ஊரில், இன்று அதைவிடக் காலம் கடந்து வந்து சேரும் விருந்தாளி ஒருவரை வரவேற்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அந்த விருந்தாளியின் பெயர் வெளிச்சம்.

ஆள் இல்லாத சீமை

தெருவேல் ஜில்லாவின் பரப்பு ஏறக்குறைய 14,800 சதுர கிலோமீட்டர். அத்தனை பெரிய நிலத்தில் வசிப்பவர்கள் ஒன்றேகால் லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர்! பிள்ளைகள் படித்து முடித்ததும் பட்டணத்துக்குப் போய்விடுகிறார்கள். ஊரில் தாத்தா பாட்டிகள் மட்டும். “எங்களை மறந்துவிட்டீர்களே!” என்று சொல்வதற்காக 1999-இல் இந்த ஜில்லாவாசிகள் ஓர் இயக்கமே தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர், “தெருவேல் இருக்கிறது” என்பது. இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வதற்கே ஓர் இயக்கம் வேண்டியிருந்தது என்றால், நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால், ஆள் இல்லாத இடத்தில் விளக்கும் இல்லை அல்லவா? விளக்கு இல்லாத இடத்தில் ஆகாயம் கறுப்பாக இருக்கிறது. வான சாஸ்திரிகளுக்கு அந்தக் கறுப்பு தங்கம் மாதிரி. நகரத்துக்குத் தெற்கே ஹவலாம்ப்ரே என்ற மலைத்தொடர். அதில் ஆர்கோஸ் தே லாஸ் சலினாஸ் என்ற கிராமத்துக்கு மேலே பீகோ தெல் புயித்ரே, அதாவது கழுகுச் சிகரம். உயரம் 1,957 மீட்டர்; நம் கோடைக்கானலைவிடக் கொஞ்சம் தாழ்வு. தெருவேலின் வளர்ச்சிக்கென்று ஒதுக்கிய சர்க்கார் பணத்தைக் கொண்டு, இந்த உச்சியில் ஒரு வானாராய்ச்சி நிலையத்தைக் கட்டினார்கள். 2008-இல் அதற்கான ஆராய்ச்சிக் கழகம் தெருவேல் நகரத்தில் அமைந்தது. ஆலை வைத்திருக்கலாம், அணை கட்டியிருக்கலாம். ஊரில் என்ன மிச்சம் இருக்கிறதோ அதை, அதாவது இருட்டை, மூலதனமாக வைத்துத் தொழில் தொடங்கினார்கள். கெட்டிக்காரர்கள்தானே?

கிராமத்தின் பெயரிலுள்ள சலினாஸ் என்பதற்கு உப்பளம் என்று அர்த்தம். கடலே இல்லாத மலையில் உப்பளமா என்று கேட்காதீர்கள். பூமிக்குள்ளிருந்து வரும் உப்பு ஊற்றைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் காயவைத்து உப்பு எடுத்தார்கள். பகலில் அங்கே வெயிலைக் காசாக்கினார்கள். இரவில் இப்போது இருட்டைக் காசாக்குகிறார்கள்.

சுண்ணாம்பு போட்ட கோடு

சிகரத்தின் மேல் இரண்டு டெலிஸ்கோப்புகள். பெரியதன் கண்ணாடி இரண்டரை மீட்டர் அகலம். சிறியது 83 சென்டிமீட்டர். பெரியதற்கு ஒப்படைத்திருக்கும் வேலை என்ன தெரியுமா? ஆகாயத்தில் சுமார் 8,500 சதுர டிகிரியை, அதாவது முழு ஆகாயத்தில் ஐந்தில் ஒரு பங்கை, 56 வர்ணக் கண்ணாடிகள் வழியாகப் படம் பிடிப்பது. ஸ்பெயினும் பிரேஸிலும் கூட்டாகச் செய்யும் காரியம் இது. ‘ஜே-பாஸ்’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

எதற்காக 56 கண்ணாடி? ஒரே கண்ணாடியில் எடுத்தால் படம் விழாதா? விழும். ஆனால் தூரம் தெரியாது. வானத்தில் மங்கலாக ஒரு புள்ளி தெரிகிறது. அது பக்கத்திலுள்ள சின்ன நட்சத்திர மண்டலமா, எங்கோ தொலைவிலுள்ள பிரம்மாண்டமான மண்டலமா? பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

தூரம் கண்டுபிடிக்க ஒரு யுக்தி உண்டு. ரப்பர் நாடா ஒன்றில் இங்க் பேனாவினால் இரண்டு கோடு போடுங்கள். நாடாவை இழுத்தால் கோடுகளும் நகருகின்றன அல்லவா? பிரபஞ்சம் விரிந்துகொண்டே இருக்கிறது. அதன் வழியாக வருகிற வெளிச்சமும் நாடாவைப் போல் நீண்டுகொண்டே வருகிறது. நீல நிறத்தில் கிளம்பிய வெளிச்சம் மஞ்சளாக வந்து சேரும். மஞ்சளில் கிளம்பியது சிவப்பாக வந்து சேரும். எத்தனைக்கெத்தனை நீண்டிருக்கிறதோ, அத்தனைக்கத்தனை தூரம்.

சரி, நாடாவில் கோடு போடுவது யார்? பாலிலும் சுண்ணாம்பிலும் இருக்கிறதே, அந்தக் கால்சியம்தான்! நட்சத்திரங்களின் மேற்புறத்தில் உள்ள கால்சியம், ஊதா நிறத்தில் 393, 397 நானோமீட்டர் என்ற இரண்டு இடங்களில் வெளிச்சத்தை விழுங்கி இரண்டு கறுப்புக் கோடுகளைப் போட்டு அனுப்புகிறது. (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்.) 393-இல் இருக்கவேண்டிய கோடு 590-இல் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் ஒன்றரை மடங்கு நீண்டுவிட்டது. அது புறப்பட்டுச் சுமார் 500 கோடி வருஷம் ஆகிறது என்று கணக்கு. நம் சூரியனும் பூமியும் உண்டாவதற்கு முன்னால் புறப்பட்ட வெளிச்சம்!

கோடு எங்கே இருக்கிறது என்று துல்லியமாகப் பார்க்க நிறமாலைக் கருவி இருக்கிறது. ஆனால் அதில் ஒரு தொல்லை. எந்த மண்டலத்தைப் பார்ப்பது என்று முன்கூட்டியே பொறுக்கி எடுக்கவேண்டும். அமெரிக்காவில் ஸ்லோன் என்ற பெரிய ஆராய்ச்சியில் அலுமினியத் தகட்டில் ஓட்டை போட்டு, தகட்டுக்கு 640 கண்ணாடி இழைகளைக் கையாலேயே செருகினார்கள். பொறுக்கி எடுத்தவற்றுக்குத்தான் அழைப்பு. மற்றவை வாசலில் நிற்கவேண்டியதுதான். வர்ணக் கண்ணாடியில் அப்படி இல்லை. படத்துக்குள் விழுந்த எல்லாவற்றுக்கும் பந்தியில் இடம் உண்டு.

ஒரு படி பால், எத்தனை டம்ளர்?

இந்த யோசனை புதியதல்ல. அமெரிக்காவில் பலோமார் மலையிலுள்ள ஐந்து மீட்டர் டெலிஸ்கோப்பில் வில்லியம் பாம் என்பவர் 1950-களின் பிற்பகுதியிலேயே ஒன்பது வர்ணங்களில் மண்டலங்களின் வெளிச்சத்தை ஒவ்வொன்றாக அளந்தார். வெகுதூரத்து மண்டலக் கூட்டம் ஒன்றுக்கு வெளிச்சம் நீண்ட அளவு 0.44 என்று அவர் கணக்கிட்டார். நிறமாலைக் கருவி சொன்ன விடை 0.46. ஒன்பது கண்ணாடிக்கு இது பிரமாதமான விடைதான்.

அப்படியானால் கண்ணாடிகளைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அங்கேதான் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரிந்த கஷ்டம் குறுக்கிடுகிறது. ஒரு படி பால் இருக்கிறது. ஐந்து டம்ளரில் ஊற்றினால் ஒவ்வொன்றும் நிறையும். 56 டம்ளரில் ஊற்றினால்? ஆளுக்கு ஒரு வாய். டெலிஸ்கோப்புக்குப் பால் என்பது வெளிச்சமும் இரவும். கண்ணாடி எத்தனைக்கெத்தனை குறுகலோ, அத்தனைக்கத்தனை கொஞ்சம் வெளிச்சம்தான் உள்ளே நுழையும். மங்கலான மண்டலங்கள் தெரியாமலே போய்விடும். தெரியவேண்டுமென்றால் அதிக நேரம் திறந்து வைக்கவேண்டும். அதற்கு இரவுகள் வேண்டும். வருஷத்துக்கு 365 இரவுக்கு மேல் கடவுள் கொடுக்கவில்லை. அதிலும் மேகத்துக்கும் பனிக்கும் பங்கு போய்விடுகிறது.

ஆகையால் ஐந்து அகலக் கண்ணாடிகளா, இருபது நடுத்தரக் கண்ணாடிகளா, ஐம்பது சொச்சமா என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். கண்ணாடி செய்த பிறகு மனம் மாறினால் பயனில்லை. ஒவ்வொன்றும் இன்ன வர்ணத்தை மட்டும் விடவேண்டும் என்று மெல்லிய பூச்சுக்களை அடுக்கடுக்காக ஏற்றிச் செய்வது. விலையும் அதிகம், காலமும் அதிகம்.

ஜெர்மானிய விஞ்ஞானிகள் சிலி தேசத்து லா ஸில்லா மலையில் 17 கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார்கள். ஸ்பெயினிலேயே, அல்மேரியா பக்கத்துக் காலார் ஆல்ட்டோ மலையில், மரியானோ மோலெஸ் என்பவர் தலைமையில் 2004 முதல் 20 கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார்கள். அதற்குப் பெயர் ‘அல்ஹாம்ப்ரா’. ஆமாம், அரண்மனையின் பெயரேதான். கண்ணாடிக்கு 31 நானோமீட்டர் அகலம். ஒன்று முடிகிற இடத்தில் மற்றொன்று தொடங்கும். நீண்ட அளவைச் சொல்வதில் அதன் பிழை ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. சாதாரண ஐந்து கண்ணாடியில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து. அதே மோலெஸ்தான் பிறகு தெருவேல் கழகத்தின் முதல் இயக்குநராக வந்தார்.

2009-இல் நார்ஸிஸோ பெனித்தெஸும் அவர் கூட்டாளிகளும் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மொத்த நேரம் ஒன்றே. கண்ணாடிகளின் எண்ணிக்கையை மட்டும் மாற்றினால் என்ன ஆகும்? நாலைந்து கண்ணாடி போதவே போதாது; எட்டும் அதற்கு மேலும் போகும்போதுதான் நம்பத் தகுந்த தூரங்கள் கிடைக்கின்றன என்று தெரிந்தது. டம்ளருக்குப் பால் குறைந்தாலும், பல டம்ளரில் ருசி பார்ப்பதால் பாலின் குணம் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லலாம்.

ஆனாலும் ஏன் 20-இல் நிற்காமல் 56-க்குப் போனார்கள்? அவர்கள் தேடும் பொருள் அப்படி. பிரபஞ்சம் குழந்தையாக இருந்தபோது அதனுள் சத்த அலைகள் ஓடின. அவை விட்டுப்போன சுவடு, இன்றும் மண்டலங்கள் பரவியிருக்கும் விதத்தில் இருக்கிறது. இரண்டு மண்டலங்களுக்கு நடுவே சுமார் 50 கோடி ஒளியாண்டு தூரம் இருப்பது, கொஞ்சம் அதிகமாகவே காணப்படுகிறது. 2005-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆகாயத்தை அளப்பதற்கு இயற்கையே கொடுத்த முழக்கோல்! ஆனால் நூற்றுக்கு மூன்று பிழை என்றால், 500 கோடி வருஷத்துக்கு முந்திய மண்டலத்தின் தூரத்தில் தவறே ஏறக்குறைய 50 கோடி ஒளியாண்டு வந்துவிடும். முழக்கோலின் நீளமும் கை நடுக்கமும் ஒன்றாக இருந்தால் என்னத்தை அளப்பது? பிழை ஆயிரத்துக்கு மூன்றாகக் குறைந்தால் நடுக்கம் 5 கோடி ஒளியாண்டு. முழக்கோலில் பத்தில் ஒரு பங்கு. அந்த ஆயிரத்துக்கு மூன்றுக்காகத்தான் 56 கண்ணாடி.

ஓடு வேய்ந்த மாதிரி

இந்தக் கண்ணாடிகளில் 54 ஏறக்குறைய ஒரே அகலம்: 14.5 நானோமீட்டர். மற்ற இரண்டும் ஊதா ஓரத்துக்கும் சிவப்பு ஓரத்துக்கும் அகலமாகச் செய்தவை. 54-ஐயும் பத்துப் பத்து நானோமீட்டர் இடைவெளியில் அமைத்திருக்கிறார்கள். அகலம் 14.5; இடைவெளி 10. ஆகையால் ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் படிகிறது. வீட்டுக் கூரைக்கு ஓடு வேய்கிறவர் ஒரு ஓட்டின் விளிம்பை மற்றொன்றின் மேல் ஏற்றித்தானே வைக்கிறார்? இல்லாவிட்டால் சந்தில் மழை ஒழுகும். இங்கே ஒழுகிப் போவது கால்சியக் கோடு.

காமிராவில் 120 கோடி புள்ளிகள். 14 தகடுகளைச் சேர்த்து அமைத்த அதன் பார்வை ஒரே சமயத்தில் சுமார் 20 முழு நிலவுகளின் பரப்பை அடக்கும். கண்ணாடிகளைத் தட்டுக்கு 14 வீதம் ஐந்து தட்டுகளில் அடுக்கியிருக்கிறார்கள். ஆகவே ஒரு படம் எடுத்தால் பக்கத்துப் பக்கத்திலுள்ள 14 துண்டு ஆகாயம் 14 வர்ணத்தில் விழுகிறது. டெலிஸ்கோப்பைச் சற்று நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு துண்டும் எல்லா வர்ணத்தையும் சந்திக்கும்படி செய்யவேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைக்கும்போதே எத்தனை வரிசை, எந்தப் புள்ளியிலிருந்து கை இழுப்பது என்று மனசுக்குள் கணக்கு ஓடுமே, அதைப் போன்ற கணக்கு.

இதற்குப் பஞ்சாங்கமும் பார்க்கவேண்டும்! நிலா வெளிச்சம் காற்றில் சிதறும்போது நீலத்தைத்தான் அதிகம் கெடுக்கிறது. அமாவாசையை ஒட்டிய இரவுகள் நீலக் கண்ணாடிக்கு. நிலவு வளர்ந்த இரவுகள் சிவப்புக் கண்ணாடிக்கு. அமாவாசை இரவைச் சிவப்புக்குச் செலவிட்டால் அது வெண்ணெயைக் கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கின கதை. சிவப்புப் பக்கத்திலும் நிம்மதி கிடையாது. பூமியின் காற்றே அங்கே லேசாக ஒளிர்கிறது. சோடியம் தெருவிளக்குகள் இருந்துவிட்டால் மஞ்சளில் 589-ஐச் சுற்றியுள்ள கண்ணாடி அழுக்காகிவிடும். சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர் என்ற கணக்கின் மதிப்பு இப்போது புரிகிறதல்லவா?

சின்ன டெலிஸ்கோப் சும்மா இருக்கவில்லை. வீட்டில் அக்காள் சமைப்பதற்கு முன்னால் தங்கை காய் நறுக்கிக் கொடுக்கிற மாதிரி, அது 12 கண்ணாடிகளில் ஆகாயத்தை முன்கூட்டியே அளந்து, பெரியதன் அளவுகளைச் சரிபார்க்க உதவுகிறது.

எல்லாரும் இப்படி அகலமாகத்தான் பார்க்கவேண்டும் என்பதில்லை. லா பால்மா தீவிலுள்ள 10.4 மீட்டர் டெலிஸ்கோப்பில், பாப்லோ பெரெஸ்-கோன்ஸாலெஸ் என்பவர் தலைமையில், முழு நிலவில் ஆறில் ஒரு பங்கு அளவான ஆகாயத்தை 25 நடுத்தரக் கண்ணாடிகளில் 200 மணி நேரத்துக்கு மேல் உற்றுப் பார்த்தார்கள். புது நட்சத்திரம் பிறப்பது நின்றுபோன பழைய மண்டலங்களைத் தேடுவது அவர்கள் நோக்கம். அகலமா, ஆழமா? இரண்டும் ஒருவருக்குக் கிடைப்பதில்லை.

பரீட்சை

பெரிய காமிரா தயாராவதற்கு முன், 2018-இல், தற்காலிகக் காமிரா ஒன்றைப் பொருத்தி ஒரு சதுர டிகிரி ஆகாயத்தை மட்டும் படம் பிடித்தார்கள். சப்தரிஷிகளின் வால் முனைக்கு அருகே உள்ள இடம். ஏன் அந்த இடம் என்றால், அங்குள்ள பல மண்டலங்களின் தூரம் முன்பே நிறமாலைக் கருவியால் தெரியும். விடை தெரிந்த கணக்கைப் போட்டுப் பார்க்கிற புத்திசாலித்தனம். 60,000-க்கு மேற்பட்ட பொருள்கள் அகப்பட்டன. ஓரளவு பிரகாசமாயிருந்த மண்டலங்களில் 17,500-க்குத் தூரம் சொல்ல முடிந்தது. அவற்றுள் விரும்பிய அந்த ஆயிரத்துக்கு மூன்று என்ற நுட்பத்துக்குள் வருபவை சுமார் 4,200 என்று மதிப்பிட்டார்கள்.

நாலில் ஒன்றுதானா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் ஒரே ஒரு சதுர டிகிரியில் 4,200! இதை 8,500-ஆல் பெருக்கிப் பாருங்கள். மூன்றரைக் கோடி மண்டலங்கள். ஒன்றையும் முன்னால் பொறுக்கி எடுக்காமல், பந்தியில் உட்கார்ந்த எல்லாருக்கும் பரிமாறியதால் கிடைத்தவை. 2023-இல் பெரிய காமிராவோடு உண்மையான வேலை ஆரம்பமாயிற்று. முடிவதற்கு வருஷங்கள் பல பிடிக்கும்.

நீங்கள் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் அமாவாசையை ஒட்டிப் போங்கள். ஆர்கோஸ் கிராமத்திலேயே பொதுமக்கள் டெலிஸ்கோப்பில் பார்ப்பதற்கென்று ‘கலாக்டிகா’ என்ற நிலையம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். நூறு பேர் அளவில் வசிக்கும் ஊர். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் முன்னதாகச் சொல்லி வைத்துவிடுவது நல்லது. கோடையிலும் கம்பளி வேண்டும்.

வெளியே வந்து நின்றதும் வழி தெரியவில்லையே என்று கைவிளக்கைத் தேடுவீர்கள். ஏற்றாதீர்கள். அரை மணி நேரம் பொறுத்தால் கண் தானாகப் பழகிவிடும். 500 கோடி வருஷம் நடந்து ஒரு விருந்தாளி வந்துகொண்டிருக்கிறார். அவருக்காக ஒரு ஜில்லாவே விளக்கைத் தணித்துக்கொண்டு காத்திருக்கிறது.